பாட்டி, அத்தை, பக்கத்து வீட்டம்மா: பழைய அமெரிக்கத் தொடர்களின் குணச்சித்திர நடிகைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களைப் பார்க்கத் தொடங்கும் எவருக்கும் கொஞ்ச நாளிலேயே ஒரு ஆர்வம் வந்துவிடும். கதாநாயகியைவிட அந்தப் பக்கத்து வீட்டம்மாவும் பாட்டியும் வேலைக்காரம்மாவும்தான் மனதில் நிற்கிறார்கள். ஆனால் முகம் தெரியும், பேர் தெரியாது. பேர் தெரிந்தாலும் அந்த ஒரு வேடத்தைத் தாண்டி ஒன்றும் தெரியாது. அவர்களைப் பற்றித் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எல்லாரையும் அடக்க முடியவில்லை. எனக்குப் பிடித்தவர்களுக்குக் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன், அதை மறைக்கவும் இல்லை.

இவர்கள் எல்லாரும் தொலைக்காட்சியில்தான் நடிக்கத் தொடங்கினார்களா?

பெரும்பாலும் இல்லை. அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு டிவி வந்தது 1950களில். அப்போது இவர்களில் பலருக்கு நாற்பது, ஐம்பது வயது தாண்டியிருந்தது. அதற்கு முன்பே நாடக மேடை, ஊர் ஊராகப் போகும் வாட்வில் கலைநிகழ்ச்சிகள், வானொலி, சினிமா என்று இருபது முப்பது வருடம் உழைத்தவர்கள். நாம் பார்ப்பது அவர்களுடைய தொழில் வாழ்க்கையின் கடைசிப் பகுதியை மட்டும்தான்.

ஒரு உதாரணம் சொன்னால் புரியும். ‘பிவிச்ட்’ தொடரில் மந்திரம் மறந்துபோகும் கிளாரா அத்தையாக வந்த மேரியன் லார்ன் பிறந்தது 1883இல். அந்தத் தொடர் தொடங்கும்போது அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. 1930களில் அவர் லண்டனில் இருந்தார். கணவர் வால்டர் ஹேக்கெட் நாடக ஆசிரியர். அவருடைய நாடகங்களில் ஒயிட்ஹால் தியேட்டரில் முதன்மை வேடமே இவருக்குத்தான். தட்டுத் தடுமாறிப் பேசும் அந்த அத்தையைப் பார்த்துச் சிரிக்கும்போது, ஒரு முழு மேடை வாழ்க்கையின் பயிற்சி அந்தத் தடுமாற்றத்துக்குள் இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

திரையில் தெரியும் அளவுக்கு உண்மையிலேயே வயதானவர்களா?

பல பேர் இல்லை. ‘ஐ லவ் லூசி’யில் வீட்டு உரிமையாளர் மனைவி எத்தலாக நடித்த விவியன் வான்ஸ், கதாநாயகி லூசில் பாலைவிட இரண்டே வயது மூத்தவர். ஆனால் அவருக்குக் கணவராகப் போடப்பட்ட வில்லியம் ஃப்ராலி அவரைவிட 22 வயது மூத்தவர். ‘தி பெவர்லி ஹில்பில்லீஸ்’ தொடரில் பாட்டியாக வந்த ஐரீன் ரையன் 1902இல் பிறந்தவர். அவருடைய மருமகனாக நடித்தவர் படி (Buddy) எப்ஸன், பிறந்தது 1908இல். அதாவது மாமியாருக்கும் மருமகனுக்கும் ஆறு வயது வித்தியாசம்கூட இல்லை.

எல்லாவற்றுக்கும் மேல் ‘தி கோல்டன் கேர்ள்ஸ்’. அம்மாவாக நடித்த எஸ்டெல் கெட்டி 1923, மகளாக நடித்த பீ ஆர்தர் 1922. அம்மாதான் ஒரு வயது இளையவர்! ஒவ்வொரு முறையும் வெள்ளை விக்கும் மேக்கப்பும் போட்டுத்தான் கெட்டியைக் கிழவியாக்கினார்கள். நாற்பது வயதைத் தாண்டிய நடிகைக்கு ஒரே தாவலில் பாட்டி வேடம்தான் என்ற நிலைமை நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை.

விவியன் வான்ஸுக்கு எத்தல் வேடமே பிடிக்காது என்கிறார்களே, உண்மையா?

வேடம் பிடிக்காது என்று சொல்வது சரியில்லை. அந்த வேடத்துக்குள் தன்னை நிரந்தரமாகப் பூட்டிவைத்ததுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. அவர் கதையைக் கொஞ்சம் முன்னாலிருந்து பார்க்க வேண்டும்.

கன்சாஸ் மாநிலத்தில் செரிவேல் என்ற சின்ன ஊரில் 1909இல் பிறந்தவர். பிறகு நியூ மெக்ஸிகோவின் ஆல்புகர்க்கியில் ஊர் நாடகக் குழுவில் நடித்தார். அந்தப் பெண்ணுக்குத் திறமை இருக்கிறது, நியூயார்க் போய்ப் படிக்கட்டும் என்று அந்த ஊர்க்காரர்களே ஒரு நிகழ்ச்சி நடத்திப் பணம் திரட்டி அனுப்பிவைத்தார்கள். பொருளாதாரம் நொடிந்து கிடந்த 1932இல் இதைச் செய்தார்கள் என்பதுதான் பெரிய விஷயம். நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேயில் கோரஸில் தொடங்கி, பெரிய நடிகைகளுக்கு மாற்று ஆளாகக் காத்திருந்து, மெல்ல மெல்ல முக்கிய வேடங்களுக்கு வந்தார்.

அப்புறம் 1945இல், ஒரு நாடகத்தோடு ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தபோது, நிலைகுலைந்து போனார். ஓட்டல் அறையில் கைகள் நடுங்க, குமட்டலோடு, காரணமே தெரியாமல் அழுதுகொண்டு படுத்துக் கிடந்ததாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். நீண்ட காலம் மேடைப் பக்கமே போகவில்லை. மனநல சிகிச்சை எடுத்துக்கொண்டார். 1951இல் கலிபோர்னியாவில் லா ஹோயா என்ற இடத்தில் அதே நாடகத்தில் மறுபடி மேடையேறினார். லூசில் பாலின் கணவரும் தொடரின் நாயகனுமான தேசி ஆர்னாஸ் அவரைப் பார்த்ததும் எத்தல் வேடத்துக்கு முடிவு செய்ததும் அங்கேதான். அவரை முடக்கிப்போட்ட நாடகமே அவருக்கு அந்த வாய்ப்பையும் வாங்கிக் கொடுத்திருக்கிறது.

புகழ் வந்த பிறகு அவர் செய்ததைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். மனநோய் என்றால் வாயைத் திறக்கவே பயந்த 1950களில், தான் சிகிச்சை எடுத்ததை வெளிப்படையாகப் பேசினார். மனநலத்துக்காக இயங்கிய தேசிய அமைப்போடு சேர்ந்து வேலை செய்தார். நாடு முழுக்கச் சிரிக்க வைத்த முகம் அதைச் சொன்னபோது எத்தனை வீடுகளில் ஆறுதலாக இருந்திருக்கும்!

ஃப்ராலிக்கும் அவருக்கும் ஆகாது என்பது உண்மை. தொடர் முடிந்ததும் எத்தலையும், ஃப்ராலி நடித்த கணவர் ஃப்ரெட்டையும் வைத்துத் தனித் தொடர் எடுக்கலாம் என்று பேச்சு வந்தது. ஃப்ராலி தயார். வான்ஸ் முடியாது என்றுவிட்டார். நல்ல பணம் வந்திருக்கும், ஆனாலும் வேண்டாம் என்றார். 1962இல் லூசில் பால் தன் அடுத்த தொடருக்கு அழைத்தபோது, பாத்திரத்தின் பெயர் விவியன் என்று இருந்தால் வருகிறேன் என்றார். தெருவில் போனால் எல்லாரும் எத்தல் எத்தல் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவரின் கோரிக்கை அது. அப்படியே வைத்தார்கள். 1954இல் துணை நடிகைக்கென, தொலைக்காட்சிக்கான எம்மி விருது முதன்முதலாக ஏற்பட்டபோது அதை வாங்கியதும் இவர்தான். 1979இல் புற்றுநோயால் இறந்தார்.

ஒப்பந்தத்தில் அவர் உடல் எடை குறையக் கூடாது என்று ஒரு நிபந்தனை இருந்ததாகச் சொல்வது வெறும் கட்டுக்கதை. அதைத் தயவுசெய்து பரப்பாதீர்கள்.

எத்தலாக முதலில் வேறு ஒருவர் நடிப்பதாக இருந்ததா?

ஆமாம், பீ பெனடெரெட். வானொலிக் காலத்திலேயே லூசில் பாலோடு நடித்தவர், முதல் தேர்வு அவர்தான். ஏற்கெனவே ஜார்ஜ் பர்ன்ஸ், கிரேசி ஆலன் தொடரில் ஒப்பந்தமாகி இருந்ததால் வர முடியவில்லை. ‘ஃப்ளின்ட்ஸ்டோன்ஸ்’ கார்ட்டூனில் பெட்டியின் குரல் அவருடையதுதான். பிறகு ‘பெட்டிகோட் ஜங்ஷன்’ தொடரின் நாயகியே ஆனார், அது ஓடிக்கொண்டிருக்கும்போதே 1968இல் நுரையீரல் புற்றுநோயால் காலமானார்.

‘ஆண்டி கிரிஃபித் ஷோ’வின் பீ அத்தை கடைசிக் காலத்தில் ஏன் யாரோடும் பழகாமல் இருந்தார்?

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு ஏமாற்றம் இருக்கிறது. ஊருக்கே ஊறுகாய் போட்டுக் கொடுத்து எல்லாரையும் அணைத்துக்கொள்ளும் பீ அத்தை நிஜத்தில் எப்படி இப்படி இருக்கலாம் என்ற ஏமாற்றம். என் பதில்: பீ அத்தை வேறு, ஃப்ரான்சஸ் பேவியர் வேறு.

பேவியர் நியூயார்க் நகரத்துப் பெண். 1902இல் பிறந்தவர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கொஞ்ச நாள் படித்துவிட்டு நாடகப் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தார். பிராட்வே மேடையில் வளர்ந்தவர். 1951இல் ‘தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்’ படத்தில் வேற்றுக்கிரகவாசி வந்து தங்கும் விடுதியில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பேசும் அம்மா அவர்தான், அடுத்த முறை பார்க்கும்போது கவனியுங்கள். தன் தொழிலை மிகவும் மதித்தவர், படப்பிடிப்பில் அடிக்கும் கூத்தெல்லாம் அவருக்கு ஒத்துவரவில்லை. தொடரின் நாயகன் ஆண்டி கிரிஃபித்தோடு சரியாகப் பழக முடியவில்லை. 1967இல் எம்மி வாங்கினார்.

1972இல் ஹாலிவுட்டை விட்டுவிட்டு வட கரோலினா மாநிலத்தின் சைலர் சிட்டிக்குக் குடிபோனார். தொடரின் கதை நடப்பதும் வட கரோலினாவில்தான், அதனால் நிஜ வாழ்க்கையில் பீ அத்தை சொந்த ஊருக்கே வந்துவிட்டார் என்று எல்லாரும் குதூகலித்தார்கள். ஆரம்பத்தில் அவரும் ஊர் விழாக்களில் கலந்துகொண்டார். பிறகு வாசலில் வந்து நிற்கும் ரசிகர்களைத் தாங்க முடியவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு பூனைகளோடு இருந்துவிட்டார். அந்த வீட்டுக்குள் போக விரும்பியவர்கள் பேவியரைத் தேடிப் போகவில்லை, பீ அத்தையைத் தேடிப் போனார்கள். எழுபது வயதுக்கு மேல் ஒரு பெண் வீட்டுக்குள்ளும் நடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன் அவர் போன் செய்து, நாம் இன்னும் நன்றாகப் பழகியிருக்கலாம், மன்னித்துவிடு என்ற பொருளில் பேசியதாக ஆண்டி கிரிஃபித் பின்னாளில் சொன்னார். 1989 டிசம்பரில் இறந்தார். உயிலில் சைலர் சிட்டி போலீஸ்காரர்களுக்காக ஒரு லட்சம் டாலர் ஒதுக்கி, அதன் வட்டியை வருடா வருடம் கிறிஸ்துமஸ் போனஸாகப் பிரித்துக் கொடுக்கச் சொல்லியிருந்தார். ஊரோடு பேசாமல் இருந்தவர் ஊரை மறக்கவில்லை. கல்லறைக் கல்லில் அவர் பெயரோடு ‘ஆன்ட் பீ’ என்றும் பொறித்திருக்கிறார்கள்.

இதே தொடரில் தெல்மா லூவாக வந்த பெட்டி லின் இதற்கு நேர்மாறு. 2007இல் கிரிஃபித்தின் சொந்த ஊரான மவுண்ட் ஏரிக்குக் குடிபோய், அங்குள்ள அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து ரசிகர்களுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தார். 2021இல் காலமாகும் வரை அந்த ஊரில்தான் இருந்தார். இன்னொரு விஷயம், இரண்டாம் உலகப் போரின்போது பதின்வயதுப் பெண்ணாக, படைவீரர்களுக்குக் கலைநிகழ்ச்சி நடத்தும் குழுவோடு இந்தியா, பர்மா, சீனப் போர்முனைப் பகுதிகளுக்கெல்லாம் வந்து பாடியவர் இவர். ஒருவருக்கு ரசிகர் கூட்டம் பாரம், இன்னொருவருக்கு அதுவே துணை. இரண்டிலும் தப்பில்லை.

‘பெவர்லி ஹில்பில்லீஸ்’ பாட்டியின் சொத்து என்ன ஆனது?

இளம் நடிகர்களுக்குப் போனது. ஐரீன் ரையன் வாட்வில் மேடையில் கணவர் டிம் ரையனோடு ஜோடியாக நகைச்சுவை செய்தவர். பிள்ளைகள் கிடையாது. பெரும் புகழ் வந்தது அறுபதை நெருங்கும்போது. கிடைத்த பணத்தை வைத்து ஓர் அறக்கட்டளை தொடங்கி, கல்லூரி நாடக விழாவில் சிறப்பாக நடிக்கும் மாணவர்களுக்கு உதவித்தொகை ஏற்படுத்தினார். 1972 முதல் அது நடந்துவருகிறது. அமெரிக்காவில் நாடகம் படிக்கும் மாணவர்களிடம் ‘ஐரீன் ரையன்’ என்று சொன்னால் பாட்டி நினைவுக்கு வருவதற்கு முன் அந்தப் போட்டிதான் நினைவுக்கு வரும்.

அதே 1972இல், எழுபது வயதில், ‘பிப்பின்’ என்ற இசை நாடகத்துக்காகப் பிராட்வே போனார். அதிலும் பாட்டி வேடம்தான். ஒரே ஒரு பாட்டு, பார்வையாளர்களையும் கூடச் சேர்ந்து பாடச் சொல்லும் பாட்டு. அதற்கு, பிராட்வே நாடகங்களுக்கான டோனி விருதுப் பரிந்துரை கிடைத்தது. 1973 மார்ச்சில் ஒரு நாள் நாடகம் நடந்துகொண்டிருக்கும்போதே உடல்நிலை மோசமானது, மூளையில் கட்டி இருந்தது தெரியவந்தது, ஏப்ரல் 26 அன்று இறந்தார்.

அதே தொடரின் மிஸ் ஜேன் தேர்தலில் நின்றாரா?

நின்றார். மிஸ் ஜேனாக நடித்த நான்சி கல்ப் இதழியல் படித்தவர், இரண்டாம் உலகப் போரில் கடற்படையின் பெண்கள் பிரிவில் அதிகாரியாக இருந்தவர். 1984இல் தன் சொந்த மாநிலமான பென்சில்வேனியாவில் ஜனநாயகக் கட்சி சார்பில் பாராளுமன்றத்துக்குப் போட்டியிட்டார். எதிர்த்து நின்ற பட் ஷஸ்டர் பலமுறை வென்ற குடியரசுக் கட்சிக்காரர். வெல்வது கஷ்டம் என்று தெரிந்தேதான் இறங்கினார். அவரைக் காயப்படுத்தியது வேறொன்று. ஒன்பது வருடம் கூட நடித்த படி எப்ஸன், ஷஸ்டருக்காக வானொலி விளம்பரத்தில் பேசினார். நான்சியின் அரசியல் எனக்கு ஒத்துவராது என்று தானாகவே முன்வந்து சொன்னார். அவர் அந்த மாநிலத்து வாக்காளரே இல்லை. கருத்து வேறுபாடு இருக்கலாம், ஆனால் இதைச் செய்திருக்கவே கூடாது என்பதுதான் என் எண்ணம். தோற்ற பிறகு நான்சி ஜூனியாட்டா கல்லூரியில் மாணவர்களோடு வேலை செய்தார். 1991இல் காலமானார்.

‘பிவிச்ட்’ தொடரில் இரண்டு பேருக்கு இறந்த பிறகு விருது கிடைத்ததா?

ஆமாம். ஒருவர் முன்னால் சொன்ன மேரியன் லார்ன், 1968 மே மாதம் இறந்தார், அதே மாதம் எம்மி கிடைத்தது. கிளாரா அத்தை கதவுக் குமிழ்களைச் சேகரிப்பதாகக் கதையில் வரும் இல்லையா, அது லார்னின் சொந்தப் பழக்கம். தன் வீட்டில் இருந்த குமிழ்களையே படப்பிடிப்புக்கும் கொண்டுவந்தார்.

இன்னொருவர் ஆலிஸ் பியர்ஸ். திரைச்சீலையை விலக்கி எதிர்வீட்டை எட்டிப் பார்த்து, “ஏப்னர்! ஏப்னர்!” என்று கணவரைக் கூப்பிடும் கிளாடிஸ் கிராவிட்ஸ். 1964இல் தொடர் தொடங்குவதற்கு முன்பே தனக்கு அண்டகப் புற்றுநோய் என்று அவருக்குத் தெரியும். வெளியே சொல்லவில்லை. சொன்னால் வேலை போய்விடும். இரண்டாம் பருவத்தில் அவர் மெலிந்துகொண்டே போவதைப் படத்திலேயே பார்க்கலாம், ஆனால் வசனத்தின் நேரக்கணக்கில் ஒரு இடத்தில்கூடப் பிசகு இருக்காது. 1966 மார்ச்சில் இறந்தார். விருதை அவர் கணவர் வாங்கிக்கொண்டார்.

அதே தொடரில் கதாநாயகியின் அம்மா எண்டோராவாக நடித்த ஆக்னஸ் மூர்ஹெட்டுக்கு அந்த வேடத்துக்காக ஆறு முறை எம்மி பரிந்துரை, ஒரு முறையும் கிடைக்கவில்லை. கிடைத்த ஒரே எம்மி வேறொரு தொடரில் சிறப்பு வேடத்துக்கு. நான்கு முறை ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டவர், ‘சிட்டிசன் கேன்’ படத்தில் சின்னப் பையனை அனுப்பிவைக்கும் அந்த அம்மா. பச்சை நிற இமைப்பூச்சோடு மட்டும் அவரை நினைவு வைத்திருப்பது அநியாயம்.

கறுப்பின நடிகைகளுக்கு வேலைக்காரி வேடம் தவிர எதுவுமே கிடைக்கவில்லையா?

1950களில் ஏறத்தாழ அப்படித்தான். ‘பியூலா’ என்ற தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்காரக் குடும்பத்தின் வேலைக்காரம்மாதான் நாயகி. முதலில் ஈத்தல் வாட்டர்ஸ், பிறகு ஹாட்டி மெக்டேனியல், அவருக்கு நோய் வந்த பிறகு லூயிஸ் பீவர்ஸ். மூன்று பேருமே பெரிய கலைஞர்கள், மூன்று பேருக்கும் ஒரே ஏப்ரன்.

மெக்டேனியல் 1940இல் ஆஸ்கர் வாங்கிய முதல் கறுப்பினக் கலைஞர். விருது விழா அன்று சக நடிகர்களோடு உட்கார இடமில்லை, ஓரமாகத் தனி மேசை. வேலைக்காரி வேடங்களிலேயே நடிக்கிறார் என்று சொந்த இனத் தலைவர்களும் அவரைக் கண்டித்தார்கள். அவரோ வறுமையில் ஒரு விடுதியின் கழிவறையில் பணிப்பெண்ணாக வேலை பார்த்துவிட்டு வந்தவர். அந்தக் கண்டனம் அவரை எப்படிச் சுட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் அவர் செய்த ஒரு காரியம் எந்த வேடத்தையும்விடப் பெரியது. லாஸ் ஏஞ்சலஸில் வெஸ்ட் ஆடம்ஸ் பகுதியில் பெரிய வீடு வாங்கியிருந்தார். வாட்டர்ஸ், பீவர்ஸ் உட்பட வசதியான கறுப்பினத்தவர் பலர் அங்கே குடியேறியிருந்தார்கள். வெள்ளையர் அல்லாதவர்களுக்கு வீடு விற்கக் கூடாது என்று பத்திரங்களில் இருந்த நிபந்தனையைக் காட்டி, சில வெள்ளைக்காரர்கள் அவர்களை வெளியேற்ற வழக்குப் போட்டார்கள். மெக்டேனியல் அக்கம்பக்கத்தாரைத் தன் வீட்டில் கூட்டி, சேர்ந்து எதிர்த்து நிற்க வைத்தார். 1945 டிசம்பரில் நீதிபதி தர்மண்ட் கிளார்க் வழக்கைத் தள்ளுபடி செய்தார். இப்படிப்பட்ட நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1948இல்தான், அதற்கு மூன்று வருடம் முன்பே இவர்கள் ஜெயித்துவிட்டார்கள்.

1952இல் மார்பகப் புற்றுநோயால் இறந்தார். ஹாலிவுட் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யச் சொல்லியிருந்தார், கறுப்பினத்தவர் என்பதால் மறுத்துவிட்டார்கள். 1999இல் அங்கே நினைவுக்கல் வைத்தார்கள். ஹோவர்ட் பல்கலைக்கழகத்துக்கு அவர் எழுதிவைத்த ஆஸ்கர் விருது காணாமல் போய், 2023இல்தான் புதிதாக ஒன்று செய்து கொடுத்தார்கள்.

அடுத்த தலைமுறையில் நிலைமை கொஞ்சம் மாறியது. 1975இல் தொடங்கிய ‘தி ஜெபர்சன்ஸ்’ தொடரில் மார்லா கிப்ஸ் வேலைக்காரியாகத்தான் வந்தார். ஆனால் முதலாளியும் கறுப்பினத்தவர், அவருக்கு வாயடி கொடுப்பதே இவர் வேலை. தொடர் ஓடத் தொடங்கிய பிறகும் கிப்ஸ் விமான நிறுவனத்தில் டிக்கெட் பதிவு செய்யும் வேலையை விடவில்லை. படப்பிடிப்பு முடித்துவிட்டு அந்த வேலைக்கும் போய்வந்தார். பிறகு சொந்தமாக ஜாஸ் கிளப் நடத்தினார், ‘227’ என்ற தொடரின் நாயகியும் ஆனார்.

‘தி வால்டன்ஸ்’ பாட்டிக்கு நிஜமாகவே பக்கவாதம் வந்ததா?

வந்தது, 1976 நவம்பரில். எலன் கார்பி நடிகையாவதற்கு முன் பல வருடம் ஸ்டுடியோவில் ஸ்கிரிப்ட் பார்த்துக் குறிப்பெடுக்கும் வேலை செய்தவர். பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சு மிகவும் குறைந்துபோனது. வேறு ஆளைப் போடாமல் காத்திருந்து, பாட்டிக்கும் பக்கவாதம் வந்ததாகவே கதையை மாற்றி 1978 மார்ச்சில் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஓரிரு வார்த்தைதான் பேசுவார், அதற்கும் திணறுவார், அது நடிப்பில்லை. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் அந்த அத்தியாயத்தைப் பார்த்தால் அழாமல் இருக்க முடியாது. தாத்தாவாக நடித்த வில் கியர் அடுத்த மாதமே காலமானார்.

இன்றும் மறுஒளிபரப்பு ஓடுகிறதே, இவர்களுக்குக் கோடிக்கணக்கில் ராயல்டி வந்திருக்குமே?

இல்லை. நடிகர் சங்க ஒப்பந்தப்படி, அந்தக் காலத் தொடர்களுக்கு முதல் சில மறுஒளிபரப்புகளுக்கு மட்டும்தான் பணம். அதற்குப் பிறகு ஆயிரம் முறை ஓடினாலும் ஒரு காசு வராது. ஓடும் வரை பணம் உண்டு என்ற விதி வந்தது 1974இல். அதுவும் அதற்குப் பிறகு எடுத்த தொடர்களுக்குத்தான். மேலே சொன்ன பெரும்பாலான தொடர்கள் அதற்கு முன்பே முடிந்துவிட்டவை. பெரிய நட்சத்திரங்கள் சிலருக்குத் தயாரிப்பில் பங்கு இருந்தது. குணச்சித்திர நடிகைகளுக்கு வாரச் சம்பளம்தான்.

‘பிரேடி பன்ச்’ தொடரின் வேலைக்காரம்மா ஆலிஸ் கன்னியாஸ்திரீ ஆகிவிட்டாரா?

கன்னியாஸ்திரீ ஆகவில்லை. ஆலிஸாக நடித்த ஆன் பி. டேவிஸ் 1976இல் லாஸ் ஏஞ்சலஸ் வீட்டை விட்டுவிட்டு, டென்வரில் பிஷப் வில்லியம் ஃப்ரே நடத்திய எபிஸ்கோபல் கிறிஸ்தவக் கூட்டுக்குடும்பத்தில் சேர்ந்தார். இடையிடையே நடித்தார். 2014இல் இறக்கும் வரை ஃப்ரே குடும்பத்தோடுதான் இருந்தார். ஆலிஸுக்கு முன்பே வேறொரு தொடருக்காக இரண்டு எம்மி வாங்கியவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எதிலிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

‘பெவர்லி ஹில்பில்லீஸ்’ தொடக்க அத்தியாயங்களுக்குக் காப்புரிமையைப் புதுப்பிக்காமல் விட்டதால் அவை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஐரீன் ரையனையும் நான்சி கல்பையும் அதிலேயே பார்த்துவிடலாம், பெனடெரெட்டும் உறவுக்காரப் பெண் பெர்லாக வருவார். அடுத்து ‘பிவிச்ட்’ முதல் இரண்டு பருவங்கள். கறுப்பு வெள்ளையில் எடுத்தவை, பிறகு வண்ணம் ஏற்றியதும் கிடைக்கிறது, கறுப்பு வெள்ளையையே தேடிப் பாருங்கள். ஆலிஸ் பியர்ஸ் இருப்பது அந்த இரண்டு பருவங்களில் மட்டும்தான். மூன்றாவது பருவத்திலிருந்து கிளாடிஸாக வருவது சாண்ட்ரா கூல்ட்.